ஒன்றரை ஆங்ஸ்ட்ராம்

நேர்காணல் மூன்று மணிக்கு. காலை எட்டரைக்கு என் தலையில் கல் விழுந்தது. நடுவில் ஆறரை மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் அடித்த கூத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை.

அந்த வேலை எனக்கு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக நான் ஓர் ஊரில், என் கணவரும் மகளும் வேறோர் ஊரில். ரயிலில் பதினோரு மணி நேரம். எங்கள் ஆராய்ச்சித் தொழிலில் இரண்டு வருட ஒப்பந்தம் கொடுப்பார்கள். அது முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர், இன்னொரு இரண்டு வருடம். நாடோடிக்காவது குடும்பம் கூடவே வரும், எனக்கு அதுவும் இல்லை. இப்போது நான் இருக்கும் ஊரிலேயே வந்திருப்பது நிரந்தர இடம். கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது, எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, அதற்குப் பிறகு என்னை ஒருவரும் சீந்தமாட்டார்கள்.

மகளுக்கு ஒன்பது வயது. மூன்று நாளாகத் தன் பையை அடுக்கி வாசலோரம் வைத்திருக்கிறாளாம். "வேலை கிடைச்சப்புறம் அடுக்கலாமேடி" என்று அவள் அப்பா கேட்டதற்கு, "அம்மா கணக்கு தப்பாப் போட மாட்டா" என்றாளாம். இதை அவர் முந்தின நாள் ஃபோனில் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் கணக்கு இதுதான். வெகுதொலைவில் இருக்கும் விண்மீன் மண்டலங்களில் ஹைட்ரஜன் அணு ஒரு குறிப்பிட்ட நிறத்தில் ஒளியை விடும். அது நேராக வெளியே வந்துவிடாது. பக்கத்து அணு அதைப் பிடித்து வேறு பக்கம் தள்ளும், அதை இன்னொன்று பிடிக்கும். அலுவலகத்தில் மனுக் கொடுத்தவனை மேசை மேசையாக அலையவிடுவதுபோல அது லட்சம் முறை சிதறி, நிறமும் கொஞ்சம் மாறி, ஒருவழியாக வெளியே வந்து சேரும். அப்படி வந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அந்தக் கோட்டில் மேடு பள்ளம் தெரியும். மண்டலத்தின் வாயு வெளியே வீசினால் பெரிய மேடு பூஜ்யத்துக்கு வலப்பக்கம் இருக்கும். வாயு உள்ளே விழுந்துகொண்டிருந்தால் இடப்பக்கம். பூஜ்யம் என்பது வாயு எந்தப் பக்கமும் நகராமல் இருந்தால் கோடு நிற்க வேண்டிய இடம். அதை வேறொரு கருவியில் வேறு கோடுகளை வைத்து முன்பே அளந்திருப்போம்.

கணினியில் நான் ஒரு மாதிரி செய்துகொள்வேன். நடுவில் ஒரு விளக்கு, அதைச் சுற்றி வாயுவால் ஆன ஓர் ஓடு. ஓட்டின் வேகம், கனம், சூடு, தூசி எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஒளித்துகள்களை ஓடவிட வேண்டும். எந்த ஓடு வானத்திலிருந்து வந்த கோட்டோடு பொருந்துகிறதோ, அதுதான் பதில். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு மண்டலங்களை இப்படிப் பொருத்தினேன். நாற்பத்தொன்றிலும் வாயு வெளியே வீசுகிறது என்பது என் முடிவு. நான்கு கட்டுரைகள், இரண்டு மாநாடுகள், கொஞ்சம் கைதட்டல்.

ஒவ்வொன்று முடிந்ததும் படத்தை மகளுக்கு அனுப்புவேன். அவள் ஒரு நோட்டில் எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'வெளியே' என்று எழுதுவாள். இருபதோ இருபத்தொன்றோ ஆனபோது கேட்டாள்.

"ஏம்மா, எல்லாமே வெளியதான் போகுதா? ஒண்ணு கூட உள்ள வராதா?"

"வராது."

"அப்ப பென்சில்ல எழுத வேணாமா?"

"பேனாவுலயே எழுது" என்றேன்.

சரி, அந்தக் காலை எட்டரைக்கு வருகிறேன். தேர்வுக் குழுவின் தலைவிக்கு ஒப்பனை போட்ட படங்கள் பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். "கழுவாத படத்தைக் காட்டுங்க" என்பாராம். அதனால் கடைசி நேரத்தில் ஒரு நிறமாலையை எடுத்து, நான் மறைத்து வைத்திருந்த பகுதிகளையெல்லாம் திறந்தேன். இரவில் நம் பூமியின் காற்றே மெல்லப் பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சைக் கோடு எல்லாத் தொலைநோக்கியிலும் விழும். கழித்துவிடுவோம், ஆனாலும் எச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். குப்பை என்று அதை மறைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது எங்கள் வழக்கம். மூன்று வருடமாக அந்தக் குப்பையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று பார்த்தேன். அது எங்கே நிற்க வேண்டும் என்பது துறையில் முதல் வருடம் படிப்பவருக்கும் மனப்பாடம். அது அங்கே இல்லை. ஒன்றரை ஆங்ஸ்ட்ராம் வலப்பக்கம் தள்ளி நின்றது.

ஆங்ஸ்ட்ராம் என்பது அலைநீளத்தின் அளவு, ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அதில் ஒன்றரைக்கு ஒருவர் குடி முழுகுமா என்று நீங்கள் கேட்கலாம். முழுகும். ஒளியின் அலைநீளம் காற்றில் கொஞ்சம் குறுகிவிடும். தொலைநோக்கிக்காரர்கள் பழைய பழக்கத்தில் காற்றின் எண்களை எழுதுவார்கள். எங்களுக்கு வெற்றிடத்தின் எண்கள் வேண்டும். யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை, அதை மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தின் அளவு அந்த இடத்தில் சரியாக ஒன்றரை ஆங்ஸ்ட்ராம்.

தொலைநோக்கியில் தரவுகளைச் சுத்தம் செய்து அனுப்புகிறவரை நாங்கள் மீசை என்போம். அவருக்கு ஃபோன் போட்டேன்.

"மீசை சார், மூணு வருஷம் முன்னாடி எனக்கு அனுப்பினீங்களே, அந்த ஃபைலெல்லாம் காத்துல இருக்கா, வெற்றிடத்துல இருக்கா?"

"வெற்றிடந்தான் மேடம். அந்த வருஷத்துலேருந்து நாங்களே மாத்திக் குடுத்துடறோம். ஃபைல் தலைப்புலயே இருக்குமே. மெயில்லயும் போட்டிருந்தேன்."

அவர் மெயிலை யார் படித்தார்கள்? பழைய கருவிக்கு நான் எழுதிய நிரலை அப்படியே புதிய தரவின் மேல் ஓட்டியிருந்தேன். அவர் மாற்றியதை நான் இன்னொரு தடவை மாற்றியிருக்கிறேன்.

"ஏன் மேடம், நீங்க மறுபடியும் மாத்திட்டீங்களா?" என்று சிரித்தார்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல சார்" என்றேன்.

அதுதான் அன்றைய முதல் பொய். வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேகக் கணக்கில் அது நொடிக்கு எண்பத்து மூன்று கிலோமீட்டர். நாற்பத்தொரு கோடுகளையும் நான் எண்பத்து மூன்று கிலோமீட்டர் வெளியே தள்ளிவிட்டிருக்கிறேன். மாதிரியும் வாயைத் திறக்கவில்லை. அதற்கென்ன, பொய்யைக் கொடுத்தாலும் மெய்யைக் கொடுத்தாலும் ஓட்டைக் கொஞ்சம் கனமாக்கி, வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, அழகாகப் பொருந்திக் காட்டும். அந்த அழகைப் பார்த்துத்தான் நான் மூன்று வருடம் மயங்கிக் கிடந்தேன்.

முழுவதையும் மறுபடி ஓட்ட நான்கு நாள் ஆகும். கோடுகளை மட்டும் ஒன்றரை ஆங்ஸ்ட்ராம் பின்னால் இழுத்துப் பார்த்தேன். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள். முதல் தடவை வலப்பக்கமே இழுத்துவிட்டேன். மறுபடி செய்தேன். முப்பத்து நான்கில் வேகம் குறைந்ததே தவிர திசை மாறவில்லை. மீதி ஏழில் பெரிய மேடு பூஜ்யத்தைத் தாண்டி இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கெல்லாம் வாயு உள்ளே விழுந்துகொண்டிருக்கிறது.

அந்த ஏழில் இரண்டை எனக்கு முன்பே நன்றாகத் தெரியும். அவை சோடாபுட்டியின் மண்டலங்கள்.

சோடாபுட்டி என்னோடு படித்தவன். கண்ணாடியின் தடிமனுக்கு நான் வைத்த பெயர் அது. பதிலுக்கு அவன் எனக்கு மிளகாய் என்று வைத்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவன் வேறொரு தொலைநோக்கியின் தரவை வைத்து ஒரு கட்டுரை எழுதினான்: இந்த இரண்டு மண்டலங்களிலும் இரண்டிரண்டு மேடுகள், பூஜ்யம் அவற்றின் நடுவே விழுகிறது, பெரியது இடப்பக்கம், ஆகவே வாயு உள்ளே விழுகிறது. பத்திரிகை அதை மதிப்பிட யாருக்கு அனுப்பியது? எனக்கு. பெயர் சொல்லாமல் எழுதும் மதிப்பீடு. நான் எழுதினேன்: ஆசிரியரின் பூஜ்யம் தவறு, அவர் காற்றிலிருந்து வெற்றிடத்துக்கு மாற்ற மறந்திருக்கிறார், இரண்டு மேடுகளும் வலப்பக்கமே இருக்க வேண்டும், சின்ன மேடு ஓட்டின் பின்சுவரில் பட்டுத் திரும்பிய ஒளி. சரிபார்த்துவிட்டேன் என்று அவன் இரண்டு முறை பதில் எழுதினான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் மாமியாரே சொல்வார். மூன்றாவது முறை இன்னும் காட்டமாக எழுதினேன். கட்டுரையை அவனே திரும்பப் பெற்றுக்கொண்டான். அதனால் அவன் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இப்போது ஒரு பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறான்.

நான் எந்தத் தவறைச் செய்தேனோ, அதையே அவன் செய்ததாகச் சொல்லி அவனைத் துறையைவிட்டே அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு இதை நான் முழுதாக உணர்ந்தபோது, அலுவலகக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பன்னிரண்டரைக்குக் கணவர் கூப்பிட்டார்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? பயப்படாதே. எங்க மேனேஜர்கிட்ட பேசி வச்சுட்டேன், மாசக் கடைசியோட கிளம்பறேன்னு. அவரும் சரின்னுட்டாரு."

"இப்பவே ஏங்க பேசினீங்க?"

"பின்ன என்ன, ஆறு வருஷம் காத்தாச்சு. இனிமே ஒரு நாள் கூட வேஸ்ட் பண்றதா இல்ல."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அந்தப் பக்கம் மகள், "அம்மாகிட்ட ஆல் தி பெஸ்ட் சொல்லுப்பா, நான் நோட்டையும் பையில வச்சுட்டேன்னு சொல்லு" என்பது கேட்டது. "சரிங்க, நேரமாச்சு" என்று வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பச்சைக் கோட்டை மறுபடி மறைத்தேன். திறந்த படத்தை அழிக்கத் துணிவில்லாமல் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். வேலை கிடைக்கட்டும், ஆறு மாதம் கழித்து ஒரு சின்னத் திருத்தம் என்று நானே வெளியிட்டுவிடலாம், அதற்குள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடும். ஒரே ஒருவன்தான் இதைத் தோண்டக்கூடும். அவன் கையில் இன்னும் அந்தத் தரவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் சோடாபுட்டிக்கு ஃபோன் போட்டேன். வேறு நல்லெண்ணம் எதுவும் கிடையாது.

"என்ன மிளகாய், அதிசயமா இருக்கு. இன்னிக்குத்தானே உனக்கு இன்டர்வியூ?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"விட்டுட்டு வந்தாலும் காது அந்தப் பக்கந்தானே இருக்கு. உனக்குக் கிடைக்கும். நீ கிழிச்சுடுவே."

"உன் அந்த ரெண்டு கேலக்ஸி டேட்டா... இன்னும் வச்சிருக்கியா?"

பின்னணியில் யாரோ ஏதோ தடம் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாம் அழிச்சுட்டேன். எதுக்கு அது? அந்த ரிப்போர்ட் நீ எழுதினதுன்னு எனக்கு அப்பவே தெரியும். பின்சுவர்னு இந்த ஃபீல்டுல உன்னைத் தவிர யாரு எழுதுவா?"

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன். அவனே தொடர்ந்தான்.

"கோபமெல்லாம் இல்ல. வேற எவனாவது எழுதியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். ரெண்டு தடவை செக் பண்ணேன், எனக்கு சரியாத்தான் வந்தது. ஆனா உன் படமெல்லாம் அவ்வளவு அழகாப் பொருந்தியிருந்தது, என்னோடது கோணல்மாணலா இருந்தது. மிளகாய் சொன்னா சரியாத்தான் இருக்கும், நாமதான் எங்கேயோ கோட்டை விட்டிருப்போம்னு வாபஸ் வாங்கிட்டேன். இப்பவும் யாராவது கேட்டா, மாத்த மறந்துட்டேன்னுதான் சொல்வேன். சரி, நீ போ. நல்லாப் பண்ணு."

நான் எதையும் சொல்லவில்லை. "தேங்க்ஸ்" என்றேன். நாக்கில் புழு விழ வேண்டியவள் தேங்க்ஸ் சொன்னேன்.

மூன்று மணிக்கு நீள மேசையின் அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் தலைவி, வலக்கோடியில் டை கட்டிய ஒருவர். முதல் பதினைந்து நிமிடம் நான் நன்றாகவே பேசினேன். நாற்பத்தொரு மண்டலம், நாற்பத்தொரு ஓடு, எல்லாம் வெளியே. வாய் பேசிக்கொண்டிருந்தது, மனசு வாசலோரம் இருந்த அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. தலைவி இரண்டு முறை தலையாட்டினார். கிடைத்துவிடும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அப்போது டை கட்டியவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இதுல ரெண்டு கேலக்ஸியைப் பத்தி முன்னாடி ஒருத்தர் எழுதினார் இல்லையா, வாயு உள்ள விழுதுன்னு? காத்து, வெற்றிடம் குழப்பம்னு கேள்விப்பட்டேன். அடிப்படை தெரியாதவங்கல்லாம் இந்தத் துறைக்கு வந்துடறாங்க."

நான் செய்ய வேண்டியதெல்லாம் மெல்லச் சிரிப்பது மட்டும்தான். சிரித்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவர் அந்த 'அடிப்படை தெரியாதவங்க' என்பதைச் சொன்ன விதம் இருக்கிறதே, எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. நேர்மையால் பேசினேன் என்று யாரும் என்னைப் புகழ வேண்டாம். கோபத்தால் பேசினேன்.

"அவருக்கு அடிப்படை நல்லாத் தெரியும் சார். எனக்குத்தான் தெரியல. அவர் ஒரு தடவை மாத்தினார், அது சரி. நான் ரெண்டு தடவை மாத்தினேன். அவர் கட்டுரையை நிறுத்தினதும் நான்தான்."

கடைசிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த படத்தை எடுத்துத் திரையில் போட்டேன். பச்சைக் கோடு தன் இடத்தைவிட்டுத் தள்ளி நின்றது. தலைவி மட்டும் எழுந்து திரைக்கு அருகே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"காலைல எட்டரைக்கு."

"எத்தனை மாறுது?"

"ஏழு உள்ள வருது. மீதியிலயும் வேகம் எல்லாம் தப்பு."

அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். டை கட்டியவர் பேனாவை மூடினார். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

நடைபாதையில் ஒரு நீர்த்தொட்டி, ஒரு நகல் எடுக்கும் இயந்திரம், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். இருபது நிமிடம் கழித்துத் தலைவியே வெளியே வந்தார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடிதம் நாளைக்குத்தான் வரும். ஆனா நீங்க காத்திருக்க வேணாம்னு சொல்ல வந்தேன். நாலு கட்டுரை திருத்தணும், நாற்பத்தொண்ணும் மறுபடி ஓட்டணும். இதை வச்சுக்கிட்டு உங்க பேரை என்னால எழுத முடியாது."

"புரியுது மேடம்."

"காலைலயே எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே. நானே தப்பைக் கண்டுபிடிச்சேன், திருத்த டைம் குடுங்கன்னு கேட்டிருந்தா ஒரு மாசம் தேதியைத் தள்ளி வச்சிருப்பேன். ஏழு உள்ள விழுதுன்னா அது பெரிய விஷயம். இப்ப நீங்க பதினைஞ்சு நிமிஷம் எங்க முன்னாடி தெரிஞ்சே தப்பைச் சொல்லிட்டீங்க. அதை நான் என்ன பண்ண?"

என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு மாதம். எட்டரையிலிருந்து மூன்று வரை என் கையில் ஃபோன் இருந்தது. மீசையிடம் பேசினேன், கணவரிடம் பேசினேன், சோடாபுட்டியிடம் பேசினேன். பேச வேண்டியவரிடம் பேசவில்லை.

படியில் உட்கார்ந்து முதலில் சோடாபுட்டியைக் கூப்பிட்டேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கத்தில் பேருந்து ஒன்று பின்னால் வரும் ஓசை கேட்டது.

"அப்ப என் பூஜ்யம் சரியா?" என்றான்.

"சரி."

"சரி... இப்ப வேலைல இருக்கேன். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அடுத்து வீட்டுக்கு. கணவர் எடுப்பார் என்று நினைத்தேன். மகள் எடுத்தாள்.

"அம்மா, கிடைச்சுதா?"

"பாப்பா, முதல்ல நோட்டை எடு. கொஞ்சம் மாத்தணும்."

"பையில அடியில இருக்கும்மா. இரு." துணிகளை எடுத்துப் போடும் ஓசை வந்தது. "ம், சொல்லு."

"அதுல ஏழு வெளிய இல்ல. உள்ள வருது. அம்மா தப்பாச் சொல்லிட்டேன்."

தாள்கள் புரளும் ஓசை கேட்டது.

"பேனாவுல எழுதியிருக்கேனே. நீதானே பேனாவுல எழுதச் சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"பரவால்ல, அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதறேன். நம்பர் சொல்லு."

சொன்னேன். மூன்று, பதினொன்று, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்து நான்கு, முப்பது, முப்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தாள். பேனா தாளைக் கீறுவதுகூட எனக்குக் கேட்டது. ஏழாவதை எழுதி முடித்துவிட்டு மூடியை மாட்டினாள்.

"அம்மா."

"ம்."

"வெளிய எடுத்த துணியைத் திரும்பப் பையில வைக்கவா, இல்ல பீரோவுலயே வச்சுடவா?"

"பீரோவுலயே வச்சுடு" என்றேன்.